ரவுடியோட குடும்பப் பாசத்துக்கு பில் கட்டுறது யாரு?

மு.கு.: பழைய ஹாலிவுட் படங்கள் அஞ்சாறோட முடிவை இந்தப் பதிவுல போட்டு உடைச்சிருக்கேன். பெரும்பாலும் எல்லாமே ரிட்டயர்மென்ட் வயசைத் தாண்டின படங்கள். அதனால ‘சஸ்பென்ஸைச் சொல்லிட்டியே பாவி’ன்னு பின்னூட்டத்துல வந்து யாரும் கும்மக் கூடாது.

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன சனிக்கிழமை நடந்த ஒரு சண்டை மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்கு, எழுதலைன்னா தூக்கம் வராது.

அன்னிக்கு ராத்திரி ரூம்ல ‘ஒயிட் ஹீட்’ பார்த்தோம். 1949ல வந்தது. ராவுல் வால்ஷ் டைரக்‌ஷன், ஜேம்ஸ் கேக்னி ஹீரோ (அவனை ஹீரோன்னு சொல்லலாமாங்கறதுதான் இந்தப் பதிவே). படம் முடிஞ்சதும் ரூம்மேட் ஒரு பெருமூச்சு விட்டுட்டு சொன்னான்: “கொலைகாரன்தான், ஒத்துக்கறேன். ஆனா அம்மா மேல எவ்ளோ பாசம் பாரு மச்சி. அந்த ஒரு விஷயத்துல அவன் மனுஷன்டா.”

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் வாக்குவாதம். பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டினதும்தான் நிறுத்தினோம். அவன்கிட்ட சொல்லி முடிக்காததை இங்க கொட்டிடறேன்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நாம எழுதுற விமர்சனங்கள்லயே இது எவ்வளவு தடவை வருது! ‘வெளியே மிருகம், வீட்டுக்குள்ளே பாசமுள்ள மகன்.’ ‘எல்லாமே குடும்பத்துக்காகத்தான் பண்றான்.’ ‘தப்பானவன், ஆனா தம்பிக்காக உயிரைக் குடுப்பான்.’ நானும் எழுதியிருக்கேன். பழைய பதிவைத் தோண்டி லிங்க் குடுக்காதீங்க, ப்ளீஸ்.

இப்போ என் கட்சியைச் சொல்லிடறேன். அந்தப் பாசம் நடிப்புன்னு நான் சொல்ல வரலை. பாசம் நிஜம்தான். ஆனா தராசுல ஒரு தட்டுல அவன் பண்ணின கொலைகளை வெச்சுட்டு, இன்னொரு தட்டுல இந்தப் பாசத்தை வெச்சு சமன் பண்றோமே, அது அநியாயம். அவனோட குடும்பப் பாசமும் அவன் தொழிலோட சேர்ந்ததுதான். அந்தப் பாசத்துக்கான பில்லை எப்பவும் வேற யாரோதான் கட்டறாங்க. பல சமயம் அந்தக் குடும்பமே கட்டுது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களே தெளிவா சொல்லிட்டுப் போயிருக்கு. நாமதான் கவனிக்கறதில்லை.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: ‘ஃபிலிம் நுவார்’னா பிரெஞ்சுல ‘கறுப்புப் படம்’. போர்க்காலத்து அமெரிக்கப் படங்கள் பிரான்ஸுக்கு மொத்தமா வந்து இறங்கினப்போ, 1946ல நீனோ ஃபிராங்க்ங்கற விமர்சகர் அதுல இருந்த க்ரைம் படங்களுக்கு வெச்ச பேரு. இருட்டு, நிழல், தப்பிக்க வழியில்லாத ஆட்கள். நிற்க. மேட்டருக்கு வருவோம்.

மடியில் உட்காரும் மகன்

‘ஒயிட் ஹீட்’ கோடி ஜாரெட் முதல் கால் மணி நேரத்துல என்ன பண்றான்னு பாருங்க. ரயிலைக் கொள்ளையடிக்கறான். கூட இருக்கறவன் ஒருத்தன் வாய் தவறி அவன் பேரைச் சொல்லிடறான். ரயில் ஓட்டறவங்க காதுல அது விழுந்துடுச்சு, அவ்வளவுதான் அவங்க பண்ணின தப்பு. சுட்டுத் தள்ளறான். இன்னொரு கூட்டாளி என்ஜின் நீராவில முகம் வெந்து கிடக்கான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை. கதையை முடிச்சுட்டு வான்னு ஆள் அனுப்பறான்.

இதுக்கு நடுவுலதான் அந்தப் புகழ்பெற்ற அம்மா சீன். தலைவலி வந்து துடிக்கறான். அம்மா பிடரியைத் தேய்ச்சு விடறா. தலைவலி விட்டதும் இந்த ஆம்பளை ஏறி அம்மா மடியில உட்கார்றான். அம்மாவா நடிச்சவங்க மார்கரெட் விச்சர்லி. அந்தம்மா ‘ரெண்டு உயிர் போச்சேடா’ன்னு ஒரு வார்த்தை கேக்கறாளா? இல்லை. ஊத்திக் குடுத்து, தேத்தி, நீ இப்படி இருக்கறதை உன் ஆளுங்க பார்த்துடக் கூடாதுன்னு தயார் பண்ணி அனுப்பறா. மேட்ச்ல பிளேயருக்கு ஸ்ப்ரே அடிச்சு உள்ள அனுப்புவாங்களே, அந்த மாதிரி. அதைத்தான் நாம ‘தாய்ப்பாசம்’னு எழுதறோம்.

இந்தப் பாசத்தால யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு? மகனுக்குப் பிடிக்கும்னு அம்மா ஸ்ட்ராபெர்ரி வாங்கப் போறா. போலீஸ் அவ பின்னாடியே வந்து இடத்தைக் கண்டுபிடிக்குது. மகன் ஜெயிலுக்குப் போனப்புறம் அவனுக்காக எதிரியைத் தீர்த்துக் கட்டறேன்னு கிளம்பறா, செத்துப் போறா. ஜெயில் சாப்பாட்டு ஹால்ல ஒவ்வொருத்தர் காதா அந்தச் செய்தி வந்து சேர்றதும், கேக்னி அலறிக்கிட்டு மேஜை மேல பாயறதும் சினிமா மாணவர்களுக்குப் பாடமே. எனக்கும் தொண்டை அடைச்சுது. மறைக்கலை.

ஆனா அடுத்து நடக்கறதை யாரும் விமர்சனத்துல எழுதறதில்லை. அம்மாவை முதுகுல சுட்டுக் கொன்னது கோடியோட பொண்டாட்டி வெர்னா. அவ பழியைத் தூக்கி பிக் எட்ங்கறவன் மேல போடறா. கோடி போய் அவனைக் கொன்னுட்டு, கொன்னவளைக் கூடவே வெச்சுக்கிட்டுத் திரியறான். உலகத்துலயே பெரிய தாய்ப்பாசக்காரனுக்கு அம்மாவைக் கொன்னது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது!

அதைவிடக் கொடுமை, ஜெயில்ல கூட இருந்தவன் ஒருத்தன் அதே மாதிரி பிடரியைத் தேய்ச்சு விடறான். அவன் உண்மையில மாறுவேஷத்துல வந்த போலீஸ். அம்மாவுக்குக் குடுத்துட்டிருந்த சரிபாதிப் பங்கை இப்போ அவனுக்குக் குடுக்கறேங்கறான் கோடி. அதாவது ‘அம்மா’ங்கறது அவனுக்கு ஒரு போஸ்ட். காலியானதும் அடுத்த ஆளை எடுத்துட்டான், அதுவும் பேக்கிரவுண்ட் செக் பண்ணாம :)

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிடறேன். ‘எல்லாத்துக்கும் அம்மாதான் காரணம்’னு இந்தப் படம் பண்றதும் முழுக்க நேர்மையில்லை. இந்த மாதிரி அம்மாக்களுக்கு முன்மாதிரின்னு சொல்லப்படற மா பார்க்கர், 1935 ஜனவரியில ஃப்ளோரிடாவுல எஃப்.பி.ஐ.யோட துப்பாக்கிச் சண்டையில செத்தவங்க. கும்பலோட மூளையே அவங்கதான்னு எஃப்.பி.ஐ. சொல்லுச்சு. அந்தக் கும்பல்ல இருந்த ஆல்வின் கார்ப்பிஸ், அதெல்லாம் கட்டுக்கதைன்னு மறுத்தார். ஆக, இங்கயும் பில் போனது ஒரு கிழவி பேருக்குத்தான்.

வீட்டில் பார்ட்டி

ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘தி பிக் ஹீட்’ (1953) பார்க்காதவங்க உடனே பாருங்க. ஊரையே கையில வெச்சிருக்கற லகானாங்கற தாதா. சுவத்துல அவன் அம்மாவோட பெரிய படம் மாட்டியிருக்கு. அன்னிக்கு வீட்டுல மகளோட பார்ட்டி. சின்னப் பசங்க எல்லாம் டான்ஸ் ஆடிக்கிட்டிருக்காங்க. அந்த நேரத்துல பானியன்ங்கற போலீஸ்காரன் உள்ள வந்து, சித்திரவதை பண்ணிக் கொல்லப்பட்ட ஒரு பொண்ணைப் பத்திக் கேக்கறான்.

லகானாவுக்குக் கோபம் வருது. கொலையைப் பத்திக் கேட்டதுக்கு இல்லை. அதை வீட்டுக்குள்ள வந்து கேட்டதுக்கு. இது என் வீடு, இங்க அம்மா படம் இருக்கு, பொண்ணு இருக்கா, இந்த அழுக்கை எல்லாம் எதுக்குடா இங்க கொண்டு வர்றேங்கற கோபம். அடுத்து என்ன நடக்குது? பானியனோட காருல குண்டு வெக்கறாங்க. குழந்தையைப் பார்த்துக்கற பொண்ணைக் கூட்டிட்டு வரலாம்னு சாவியை எடுத்துட்டுப் போனது பானியன் இல்லை, அவன் மனைவி. இவன் மகளுக்குக் கதை சொல்லிட்டிருக்கும்போது வெளிய வெடிக்குது.

தன் வீட்டோட புனிதத்தைப் பத்திப் பேசினவன் இன்னொருத்தன் வீட்டை ஒரே நிமிஷத்துல காலி பண்ணிட்டான். இதை முரண்பாடுன்னு நினைக்கறோம். முரண்பாடே இல்லைங்க. அவன் வீடு அவ்வளவு சுத்தமா இருக்கறதுக்குக் காரணமே அழுக்கை எல்லாம் அடுத்தவன் வீட்டு வாசல்ல கொட்டறதுதான்.

இந்த சீனை முதல் தடவை பார்த்தப்போ நான் படத்தைப் பாதியில நிறுத்திட்டேன். காரணம் சொல்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

எங்க தாய்மாமா ஒருத்தர் ஊர்ல ஃபைனான்ஸ் பண்ணிட்டிருந்தார். ஃபைனான்ஸ்ங்கறது நாங்க வீட்டுல சொல்ற பேரு. ஊர்ல அதுக்கு மீட்டர் வட்டின்னு பேரு. அவர் ரவுடி இல்லை, யாரையும் கொன்னதில்லை. ஆனா அவர் வசூலுக்கு அனுப்பற ஆளுங்களைப் பார்த்தா கடைக்காரங்க ஷட்டரை இறக்கிடுவாங்க. எங்களுக்கு? தீபாவளிக்கு எல்லாக் குழந்தைக்கும் துணி. பாட்டிக்கு முடியாமப் போனப்போ ராப்பகலா ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அம்மாவைப் ‘பாப்பா’ன்னுதான் கூப்பிடுவார்.

நான் பிளஸ் ஒன் படிக்கறப்போ, மாமா வீட்டுல அவர் பொண்ணு பிறந்தநாள். கேக் வெட்டற நேரம். கேட்டுக்கு வெளிய தையல் கடைக்காரர் ஒருத்தர் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், கூட அவர் சம்சாரம். மெஷினைத் தூக்கிட்டு வந்துட்டாங்க போல. மாமா எழுந்து போனார். சத்தம் போடலை. ரொம்ப மெதுவா சொன்னார்: “வீட்டுக்கு வராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உள்ள குழந்தைங்க இருக்காங்கல்ல?” கேட்டைச் சாத்திட்டு வந்து எனக்குத்தான் முதல் கேக் துண்டை ஊட்டினார்.

லகானா வீட்டுல டான்ஸ் ஆடுதே ஒரு கூட்டம், அதுல ஒருத்தன் நான்.

அதனாலதான் ‘பாசமுள்ள தாதா’ன்னு யாராவது எழுதினா எனக்கு ரசிக்க முடியறதில்லை. அந்தப் பாசத்தோட ருசி எனக்குத் தெரியும். நல்லாவே இருக்கும். தித்திப்பா இருக்கும். ஆனா அந்த மெஷினுக்குப் பதில் யாராவது சொல்லணும் இல்லையா?

‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’

அடுத்தது ஃபில் கார்ல்சன் எடுத்த ‘தி பிரதர்ஸ் ரிக்கோ’ (1957). ஜார்ஜ் சிமெனோன் கதை. அவ்வளவா யாரும் பேசாத படம், ஆனா என்னைக் கேட்டா இந்த விஷயத்துல இதுதான் மாஸ்டர்.

எட்டி ரிக்கோ முன்னாள் மாஃபியா கணக்குப்பிள்ளை. இப்போ ஒழுக்கமா லாண்டரி தொழில் பண்றான். தம்பி ரெண்டு பேர் இன்னும் உள்ள இருக்காங்க. அதுல கடைசித் தம்பி ஜானி கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்கயோ போய் மறைஞ்சுட்டான். அவன் போலீஸ்ல எல்லாத்தையும் கக்கிடுவானோன்னு மேல இருக்கறவங்களுக்கு பயம். தலைவர் சிட் கூபிக் எட்டியைக் கூப்பிடறார். இந்த கூபிக் யாருன்னா, ஒரு காலத்துல இவனுங்க அம்மா குறுக்க விழுந்து, குண்டடிபட்டு, உயிரைக் காப்பாத்தின ஆள். அந்தம்மா இன்னும் நொண்டி நொண்டித்தான் நடக்கறாங்க. பசங்களுக்கு கூபிக் கிட்டத்தட்ட சித்தப்பா மாதிரி.

அவர் சொல்றார்: தம்பியைக் கண்டுபிடி, நாட்டைவிட்டு பத்திரமா அனுப்பி வெச்சுடலாம், உன் தம்பி எனக்கும் புள்ள மாதிரி. எட்டி நம்பறான். அம்மாவோட மிட்டாய்க் கடைக்குப் போய், பேசிப் பேசி ஜானி எங்கே இருக்கான்ங்கறதை வாங்கறான். நாடு கடந்து கலிஃபோர்னியா போறான். அவன் பின்னாடியே ஆளுங்க போறாங்க. ஜானியோட மனைவிக்குக் குழந்தை பிறக்கற அதே நேரத்துல ஜானி, தானா வீட்டைவிட்டு வெளிய வந்து சாகறான். கொலைகாரங்களுக்கு வழி காட்டினது அண்ணனோட பாசம்.

கவனிங்க, கூபிக் எட்டியை மிரட்டலை. துப்பாக்கி காட்டலை. பணம் பேசலை. ‘குடும்பம்’னு ஒரே வார்த்தை. மிரட்டியிருந்தா எட்டி உஷாராகியிருப்பான். குடும்பம்னு சொன்னதால மூளையைக் கழட்டி வெச்சுட்டுப் போனான். நல்லவன் ஒருத்தனை வெச்சே அவன் தம்பியைக் கொல்லணும்னா அதுக்கு வேற ஆயுதம் கிடையாது.

நம்ம ஐடி மக்களுக்கு இது சுலபமா புரியும். டவுன்ஹால்ல மேடை ஏறி ‘நாம எல்லாம் ஒரே ஃபேமிலி’ன்னு சொன்ன அடுத்த மாசமே மீட்டிங் ரூமுக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கின கம்பெனியில நானும் இருந்திருக்கேன். லிஸ்ட் தயார் பண்ணினது எங்க டீம் லீட். நல்ல மனுஷன். ‘யாருக்கு எந்த வேலை தெரியும்னு எழுதிக் குடு, டீமைக் காப்பாத்தத்தான்’னு அவர்கிட்ட சொல்லியிருந்தாங்களாம். எட்டி ரிக்கோவைப் பார்த்தப்போ அவர் முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொரு சாம்பிள், ஹென்ரி ஹாத்தவே எடுத்த ‘கிஸ் ஆஃப் டெத்’ (1947). சுருக்கமா: நிக் பியாங்கோ கிறிஸ்துமஸ் சமயத்துல நகைக் கொள்ளையில மாட்டறான். கூட்டாளிங்களைக் காட்டிக் குடுத்தா வெளிய வரலாம்ங்கறாங்க. மாட்டேங்கறான். ஏன்? உன் பொண்டாட்டி புள்ளைங்களை நாங்க பார்த்துக்கறோம்னு கும்பலோட வக்கீல் வாக்கு குடுத்துட்டார். ஜெயில்ல இருக்கும்போதே மனைவி தற்கொலை, ரெண்டு பெண் குழந்தைங்களும் அநாதை இல்லத்துல. ஒருத்தனும் எட்டிப் பார்க்கலை. அதே படத்துலதான் ரிச்சர்ட் விட்மார்க், காட்டிக் குடுத்ததா சந்தேகப்படற ஒருத்தனோட அம்மாவை சக்கர நாற்காலியோட கட்டிப் படியில தள்ளி விடுவார். இவங்க குடும்பத்துக்குக் குடுக்கற மரியாதை இவ்வளவுதான்.

சரி, பாசம் முழுக்க நிஜமா இருந்தா?

‘இதெல்லாம் ஏமாத்துக்காரனுங்க கதை. உண்மையிலேயே தம்பி, அண்ணன் மேல உயிரா இருந்தா?’ன்னு ரூம்மேட் கேட்டான். நல்ல கேள்வி. அதுக்கும் ஒரு படம் இருக்கு. ஏப்ரஹாம் பொலான்ஸ்கியோட ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ (1948).

ஜான் கார்ஃபீல்ட் நடிச்ச ஜோ மோர்ஸ் ஒரு வக்கீல். அவனைப் படிக்க வைக்க அண்ணன் லியோ தன் வாழ்க்கையை விட்டுக்குடுத்தவர். லியோ சின்ன அளவுல நம்பர் சூதாட்டம் நடத்தறார். ஜோவோட முதலாளி டக்கர் பெரிய அளவுல ஒரு சதி பண்றான். ஜூலை 4 அமெரிக்க சுதந்திர தினம். அன்னிக்கு ஜனங்க ஆசையா 776 மேல பணம் கட்டுவாங்க (1776ங்கறதால). அந்த நம்பரையே விழ வெச்சுட்டா, பணம் குடுக்க முடியாம சின்ன ஆளுங்க எல்லாம் திவால், மொத்தத் தொழிலும் டக்கர் கைக்கு வந்துடும்.

ஜோவுக்கு அண்ணனைக் காப்பாத்தணும். நிஜமான ஆசை. அதுக்காக என்ன பண்றான்? சதியை நிறுத்தலை. அண்ணனை மட்டும் சதிக்குள்ள நல்ல இடமா பார்த்து உட்கார வைக்கப் பார்க்கறான். அண்ணன் மாட்டேங்கறார். உடனே அண்ணனோட இடத்துலயே போலீஸ் ரெய்டு வர வைக்கறான், எல்லாம் அவர் நல்லதுக்குத்தான்! கடைசியில லியோ உள்ள வர்றார். போட்டிக் கும்பல் தூக்கிட்டுப் போகுது. நியூயார்க்ல ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குக் கீழ பாறைங்க நடுவுல கிடக்கற அண்ணன் உடம்பைத் தேடி, ஜோ படிப்படியா இறங்கறதோட படம் முடியுது.

மத்த எல்லாரும் திவாலாகட்டும், என் அண்ணன் மட்டும் பிழைக்கணும். இதுதான் ஜோவோட பாசம். இதுல பொய் ஒரு துளி கூட இல்லை. ஆனா ஊரையே முழுக்கற தண்ணியைத் திறந்து விட்டுட்டு அண்ணனுக்கு மட்டும் ஒரு படகு கட்டினா, அந்தப் படகும் அதே தண்ணியிலதானே மிதக்கணும்? குடும்பத்துக்கு மட்டும் ஒரு நியாயம், ஊருக்கு வேற நியாயம்னு வெச்சவன் கடைசியில குடும்பத்தையும் காப்பாத்த முடியாதுங்கறதை இதைவிடத் தெளிவா சொன்ன படம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஆட்சேபணைகள்

1) ‘அந்தக் காலத்துல சென்சார் ஸ்ட்ரிக்ட். கெட்டவன் தண்டிக்கப்படணும்னு ரூல். அதான் அப்படி எடுத்தாங்க.’ உண்மைதான், 1934ல இருந்து ஹாலிவுட்ல புரொடக்‌ஷன் கோட் கறாரா அமல்ல இருந்துச்சு. ஆனா குற்றவாளி தண்டிக்கப்படணும்னுதான் அந்தக் கோட் சொல்லும். அவனுக்கு முன்னாடி அவன் அண்ணன் சாகணும்னோ, அம்மா செய்தி கேட்டு அலறணும்னோ எந்த ரூல்லயும் இல்லை. அது அந்த டைரக்டர்கள், கதாசிரியர்கள் எடுத்த முடிவு. கோட் கறாராகறதுக்கு முன்னாடியே, 1931ல வந்த ‘தி பப்ளிக் எனிமி’யோட முடிவைப் பாருங்க. அதுலயும் கேக்னிதான். மகன் வீட்டுக்கு வரான்னு போன் வருது. அம்மா சந்தோஷமா மாடியில படுக்கையைத் தட்டிப் போட்டுக்கிட்டிருக்கா. கீழ கதவைத் திறந்தா மூட்டையாக் கட்டின பொணம். இசைத்தட்டு பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு. பில் யாருக்கு வந்துச்சு?

2) ‘அப்போ காட்ஃபாதர்?’ இதை எதிர்பார்த்தேன் :) 1972 படத்துல குடும்பத்தோட நேரம் செலவழிக்காதவன் ஆம்பளையே இல்லைங்கற மாதிரி விட்டோ கார்லியோன் பேசுவார். அதை ஸ்டேட்டஸா வெக்கறவங்க, 1974ல வந்த ரெண்டாம் பாகத்துல மகன் மைக்கேல் கூடப் பிறந்த அண்ணன் ஃப்ரெடோவைக் கொல்லச் சொல்றதையும் வெக்கணும். கொப்போலா மறைக்கலை. தனியா உட்கார்ந்திருக்கற மைக்கேலோடதான் படத்தை முடிக்கறார். காட்ஃபாதர் பாதிப்புல வந்த நம்ம ‘நாயகன்’லயும் (1987) மகள் அப்பாவைக் கேள்வி கேட்டுட்டு வீட்டைவிட்டுப் போறா. படங்கள் ஒழுங்காத்தான் சொல்லுது. நாமதான் பி.ஜி.எம்.மை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டோம்.

3) ‘அப்போ குடும்பத்து மேல விசுவாசமே தப்பாடா?’ இல்லைங்க. இதுக்குத்தான் கடைசி படம்.

கதவைத் திறந்த அம்மா, போகச் சொன்ன அம்மா

ராபர்ட் சியோட்மாக்கோட ‘க்ரை ஆஃப் த சிட்டி’ (1948). போலீஸ்காரனைக் கொன்ன மார்ட்டின் ரோம், காயத்தோட தப்பிச்சு ராத்திரி அம்மா வீட்டுக்கு வர்றான். அம்மா என்ன பண்றாங்க? சாப்பாடு போடறாங்க. அப்புறம் வெளிய போன்னு சொல்றாங்க. மடியில உட்கார வைக்கலை, போலீசுக்கும் ஓடலை. பசிக்கு சோறு உண்டு, உன் பாவத்துக்கு என் வீட்டுல இடம் இல்லைங்கறாங்க. அவனையே சாமியா நினைச்சுட்டிருக்கற சின்னத் தம்பி டோனிகிட்ட, அம்மாவோட சேமிப்பைத் திருடிட்டு வாடான்னு மார்ட்டின் சொல்றான். அந்தப் பையன் கடைசியில வெறுங்கையோட வந்து நிக்கறான்.

நான் பார்த்த நுவார் படங்கள்ல விசுவாசம்னு சொல்லத்தக்கது இந்த வெறுங்கைதான்.

என் கதையை முடிச்சிடறேன். பிளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் சீட் கிடைச்சப்போ முதல் வருஷ ஃபீஸ் மாமா கட்டினார். சந்தோஷமா வாங்கிக்கிட்டோம். நானும்தான். ரெண்டாம் வருஷம் கவரை எடுத்துக்கிட்டு வந்தப்போ, அம்மா காபி குடுத்துட்டு, கவரைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினாங்க.

“யாருக்காக பாப்பா இவ்ளோ ஓடறேன்? எல்லாம் நம்ம புள்ளைங்களுக்குத்தானே?”

“தெரியும்ணே. ஆனா எம்புள்ளைக்கு வேணாம்ணே.”

இவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மாமா எங்க வீட்டுக்கு வரலை. அம்மாவோட செயின் அடகுக்குப் போச்சு, மிச்சத்துக்கு பேங்க்ல எஜுகேஷன் லோன். வேலைக்கு வந்து லோனை அடைச்சேன். அப்போ எனக்கு அம்மா மேல பயங்கரக் கோபம். சொந்த அண்ணன் பாசமா குடுக்கறதை வேணாம்னு சொல்லி அவரைக் காயப்படுத்திட்டாங்களேன்னு. அந்தத் தையல்காரரை அம்மாவும் பார்த்திருந்தாங்கன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். ஆனா அந்த முதல் வருஷ ஃபீஸ் இன்னும் என் கணக்குல பாக்கியாவே இருக்கு. யாருக்குத் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியலை. அந்தக் கடை இப்போ இல்லை.

மாமாவை நான் வெறுக்கலை. இப்போ வயசாகிடுச்சு, தொழிலை விட்டுட்டார், ஊருக்குப் போனா பார்த்துட்டுத்தான் வர்றேன். அந்தப் பாசம் நிஜம்னு முதல்லயே சொன்னேனே, தெரிஞ்சுதான் சொன்னேன்.

அதனால நண்பர்களே, அடுத்த தடவை ஒரு தாதா படத்துக்கு விமர்சனம் எழுதும்போது ‘குடும்பத்து மேல உயிரையே வெச்சிருக்கான்’னு தாராளமா எழுதுங்க. கூடவே இன்னொரு வரியும் எழுதுங்க: யாரோட உயிரை?

பி.கு.: ரூம்மேட் இதைப் படிச்சுட்டு ‘நீ அம்மா பக்கம்னு முன்னாடியே சொல்லியிருந்தா சண்டையே போட்டிருக்க மாட்டேனே’ங்கறான். அடுத்த சனிக்கிழமை ‘க்ரை ஆஃப் த சிட்டி’ போடறதா இருக்கோம். பக்கத்து ஃபிளாட்காரரையும் கூப்பிட்டாச்சு. திட்டணும்னு நினைக்கறவங்க பின்னூட்டப் பெட்டிக்கு வரலாம். இப்போதைக்கு நான் ஜூட்.